ஐரோப்பாவின் 'நாம்' எதுவரை?

2019 பிப்ரவரியில் ஒரு நாடு தன் பெயரை மாற்றிக்கொண்டது. போரில் தோற்றுப்போய் அல்ல. ஆட்சி கவிழ்ந்தும் அல்ல. 1991இல் யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்து மாசிடோனியா என்று தன்னை அழைத்துக்கொண்ட அந்தச் சிறிய நாடு, அந்த மாதம் முதல் வட மாசிடோனியா ஆனது. கேட்டது அண்டை நாடான கிரேக்கம். மாசிடோனியா என்பது தங்கள் வடக்குப் பகுதியின் பெயர், அலெக்சாந்தர் பிறந்த மண்ணின் பெயர், அதை வேறொருவர் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கிரேக்கம் கால் நூற்றாண்டுக்கும் மேலாக வழிமறித்து நின்றது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழைய, ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாடும் சம்மதிக்க வேண்டும். கிரேக்கம் உள்ளே இருந்தது. எனவே பெயரை விட்டுக்கொடுத்தார்கள்.

அதன் பிறகும் கதவு திறக்கவில்லை. 2020 நவம்பரில் இன்னொரு அண்டை நாடான பல்கேரியா தடை போட்டது. மாசிடோனிய மொழி என்று தனியாக ஒன்று கிடையாது, அது பல்கேரிய மொழியின் ஒரு வடிவமே என்பது பல்கேரியாவின் வாதம். பெயரைக் கேட்டார்கள், கொடுத்தாயிற்று. இப்போது மொழியைக் கேட்கிறார்கள்.

சுங்க வரியையும் சந்தையையும் பற்றிப் பேசத் தொடங்கிய ஓர் அமைப்பு, பெயரிலும் மொழியிலும் வந்து நிற்பது எப்படி? ஐரோப்பிய ஒருங்கிணைப்பைப் பற்றிய செய்திகளைப் படிக்கும்போது புதியவர்களுக்குக் குழப்பம் தருவது இந்த இடம்தான். பிரிட்டன் ஏன் வெளியேறியது, ஹங்கேரி ஏன் அடிக்கடி முரண்டு பிடித்தது, அகதிகளைப் பகிர்ந்துகொள்ளும் திட்டம் ஏன் உடைந்தது என்ற கேள்விகள் எல்லாம் வேர்விட்டிருப்பதும் இங்கேதான்.

தமிழில் இதைச் சொல்வதற்கு ஒரு வசதி இருக்கிறது. கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் 'நாம்'. அவரை விலக்கிச் சொன்னால் 'நாங்கள்'. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இந்த வேறுபாடு இல்லை. இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஐரோப்பியத் தலைவர்கள் மேடையில் அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது, அது எல்லா நாட்டாரையும் சேர்த்த 'நாம்' ஆகவும் இருக்கலாம், தன் நாட்டாரை மட்டும் குறிக்கும் 'நாங்கள்' ஆகவும் இருக்கலாம். சந்தை என்று வந்தால் ஐரோப்பியர்கள் ஓரளவு எளிதாக 'நாம்' என்கிறார்கள். யார் நம் நாட்டுக்குள் வந்து வாழலாம், யாருக்காகப் போர் செய்வது என்று வந்தால் உடனே 'நாங்கள்' ஆகிவிடுகிறது. எழுபது ஆண்டு விவாதத்தை இந்த இரண்டு சொற்களுக்கு நடுவே வைத்துப் பார்த்தால் பெரும்பகுதி விளங்கும்.

நிலக்கரி சேர்ந்தது, ராணுவம் சேரவில்லை

ஒருங்கிணைப்பின் தொடக்கம் என்று சொல்லப்படும் நாள் 1950 மே 9. அன்று பிரான்சின் வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமன் ஒரு திட்டத்தை அறிவித்தார். பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் தங்கள் நிலக்கரி, எஃகு உற்பத்தியை ஒரு பொது அதிகாரத்தின் கீழ் வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். பீரங்கி செய்ய எஃகு வேண்டும், எஃகு உருக்க நிலக்கரி வேண்டும். இரண்டும் பொதுவில் இருந்தால் ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் போருக்குத் தயாராக முடியாது.

ஷூமனின் வாழ்க்கையே தேசிய அடையாளம் பற்றிய ஒரு பாடம். அவருடைய தந்தை லொரேன் பகுதிக்காரர். 1871 போரில் பிரான்ஸ் அந்தப் பகுதியை ஜெர்மனியிடம் இழந்ததால் அவர் ஜெர்மன் குடிமகன் ஆனார். மகன் 1886இல் லக்சம்பர்க்கில் பிறந்தார், ஜெர்மன் குடிமகனாக. முதல் உலகப் போருக்குப் பின் லொரேன் பிரான்சிடம் திரும்பியது; மெட்ஸ் நகரில் வழக்கறிஞராக இருந்த ஷூமனும் பிரெஞ்சுக் குடிமகன் ஆனார். எல்லைக்கோடு எவ்வளவு தற்செயலானது, அதற்காக எத்தனை லட்சம் பேர் செத்தார்கள் என்பதை உடம்பால் அறிந்த மனிதர் அவர்.

1951இல் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் நிலக்கரி–எஃகு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. உற்சாகத்தில் அடுத்த ஆண்டே ஒரு பொது ராணுவத்துக்கும் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் 1954 ஆகஸ்ட் 30 அன்று பிரான்சின் தேசிய அவை அதை நிராகரித்தது. யோசனையை முதலில் முன்வைத்ததே பிரான்ஸ்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. வாக்கெடுப்பு முடிந்ததும் எதிர்த்த உறுப்பினர்கள் அவையிலேயே பிரான்சின் தேசிய கீதத்தைப் பாடினார்கள். ஜெர்மன் ஆக்கிரமிப்பிலிருந்து விடுபட்டுப் பத்து ஆண்டுதான் ஆகியிருந்தது. ஜெர்மானியர்களுக்கு மறுபடியும் சீருடை கொடுத்து, அவர்களோடு ஒரே படையில் நிற்கச் சொன்னால் மனம் ஒப்புமா? அவர்களைக் குறுகிய மனத்தவர்கள் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை.

அன்று விழுந்த தடம் இன்றுவரை மாறவில்லை. 1957இல் ரோம் உடன்படிக்கை வந்தது, பொதுச் சந்தை வளர்ந்தது, பின்னாளில் பொது நாணயமும் வந்தது. ராணுவமும் வெளியுறவும் மட்டும் நாடுகளின் கையிலேயே தங்கின.

டென்மார்க் சொன்ன 'இல்லை'

1992இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் கையெழுத்தான உடன்படிக்கைதான் 'ஐரோப்பிய ஒன்றியம்' என்ற பெயரைத் தந்தது. அதற்கு மூன்று தூண்கள் என்று விளக்கினார்கள். முதல் தூண் சந்தையும் பொருளாதாரமும். இரண்டாவது வெளியுறவும் பாதுகாப்பும். மூன்றாவது நீதி, காவல், குடியேற்றம். முதல் தூணில் பெரும்பான்மை வாக்கால் பல முடிவுகளை எடுக்கலாம். மற்ற இரண்டில் அநேகமாக எல்லாவற்றுக்கும் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். தூண்கள் என்ற அமைப்பு 2009இல் லிஸ்பன் உடன்படிக்கையோடு போய்விட்டது. இன்று குடியேற்றச் சட்டங்களும் பெரும்பான்மை வாக்குக்கு வந்துவிட்டன: 27 நாடுகளில் குறைந்தது 15 நாடுகள், அவற்றின் மக்கள்தொகை மொத்தத்தில் 65 சதவீதம். வெளியுறவில் ஒருமித்த சம்மதம் என்ற விதி பெரும்பாலும் நீடிக்கிறது.

மாஸ்ட்ரிக்ட் இன்னொன்றையும் கொண்டுவந்தது: ஐரோப்பியக் குடியுரிமை. இங்கேதான் டென்மார்க் மக்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 1992 ஜூன் 2 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் 50.7 சதவீதத்தினர் 'இல்லை' என்றார்கள். வித்தியாசம் 50,000 வாக்குகளுக்கும் குறைவு. பொது நாணயம், பொதுப் பாதுகாப்பு ஆகியவற்றிலிருந்து டென்மார்க்குக்கு விலக்கு கொடுத்து, ஐரோப்பியக் குடியுரிமை டேனியக் குடியுரிமையின் இடத்தைப் பிடிக்காது என்று எழுதிக்கொடுத்த பிறகே அடுத்த ஆண்டு 'ஆம்' கிடைத்தது. அந்த உறுதிமொழி பிறகு எல்லா நாடுகளுக்குமான உடன்படிக்கையிலேயே ஏறியது.

2005இல் ஐரோப்பாவுக்கு ஓர் அரசியல் சாசனம் எழுத முயன்றபோது பிரான்ஸ், நெதர்லாந்து மக்கள் அதை வாக்கெடுப்பில் தோற்கடித்தார்கள். அதன் உள்ளடக்கத்தில் பெரும்பகுதி லிஸ்பன் உடன்படிக்கையாகத் திரும்பி வந்தது. எதை எடுத்துவிட்டுத் திரும்பி வந்தது என்பதைப் பாருங்கள்: 'சாசனம்' என்ற சொல், கொடி, கீதம், 'வெளியுறவு அமைச்சர்' என்ற பதவிப் பெயர். பதவி இருக்கிறது, அதற்கு 'உயர் பிரதிநிதி' என்று பெயர். நீலத் துணியில் 12 பொன் நட்சத்திரங்கள் கொண்ட கொடியும் எங்கும் பறக்கிறது. ஒரு தேசத்தின் சாயல் எதிலெல்லாம் தெரிந்ததோ, அதையெல்லாம் உடன்படிக்கையின் வாசகத்திலிருந்து நீக்கினார்கள். நாடுகளின் தேசிய அடையாளத்தை ஒன்றியம் மதிக்க வேண்டும், தேசியப் பாதுகாப்பு அந்தந்த நாட்டின் பொறுப்பு மட்டுமே என்று அதே உடன்படிக்கை தெளிவாகவும் சொல்கிறது.

இந்த இடத்தில் ஒரு தவறான எண்ணத்தை விலக்க வேண்டும். தேசிய அடையாளம் என்றாலே அது ஐரோப்பாவுக்கு எதிரானது என்று நினைத்துவிடக் கூடாது. நாஜிக் காலத்தின் அவமானத்திலிருந்து எழுந்த ஜெர்மானியர்களுக்கு, நல்ல ஐரோப்பியராக இருப்பதுதான் மீண்டும் தலைநிமிர்ந்த ஜெர்மானியராக இருக்கும் வழி. பிரிட்டனின் நிழலில் வாழ்ந்த அயர்லாந்துக்கு, ஐரோப்பா ஒரு பெரிய வெளி. போலந்தின் கதை வேறு. 1795 முதல் 1918 வரை 123 ஆண்டுகள் வரைபடத்திலேயே இல்லாத நாடு அது. பிறகு ஹிட்லர், பிறகு மாஸ்கோவின் பிடி. 1989இல் மீட்ட இறையாண்மையை இன்னொரு தலைநகரிடம் பகிர்ந்துகொள் என்றால் அங்கே பலருக்கு நெஞ்சு கனக்கிறது. அதே போலந்தில்தான் ஒன்றியத்துக்கு ஆதரவும் மிகுதி. மாஸ்கோவிடமிருந்து காப்பாற்றும் சுவர் என்று அதைப் பார்க்கிறார்கள்.

குடியேற்றம்: மூன்று விஷயங்கள் ஒன்றாகக் குழம்பும் இடம்

ஐரோப்பியக் குடியேற்றம் பற்றிய விவாதங்களில் மூன்று தனித்தனி ஏற்பாடுகள் ஒன்றாகக் கலக்கப்படுகின்றன. அங்குள்ள அரசியல்வாதிகள் வேண்டுமென்றே கலப்பதும் உண்டு.

முதலாவது, ஒன்றியத்துக் குடிமக்களின் நடமாட்ட உரிமை. போலந்துக்காரர் அயர்லாந்தில் போய் வேலை செய்யலாம், விசா வேண்டாம். இரண்டாவது, ஷெங்கன். 1985இல் லக்சம்பர்க்கின் ஷெங்கன் கிராமத்தருகே மொசெல் ஆற்றில் நின்ற கப்பலொன்றில் கையெழுத்தான ஒப்பந்தம் இது. உள் எல்லைகளில் கடவுச்சீட்டுச் சோதனையை நீக்கியது. இன்று 29 நாடுகள் இதில் இருக்கின்றன. ஒன்றியத்தில் இருந்தும் அயர்லாந்து ஷெங்கனில் இல்லை. ஒன்றியத்தில் இல்லாமலே நார்வேயும் சுவிட்சர்லாந்தும் ஷெங்கனில் இருக்கின்றன. மூன்றாவது, வெளியிலிருந்து உயிர் தப்பி வருகிறவர்களுக்கான புகலிடம்.

பிரிட்டனைப் புரட்டிப்போட்டது முதலாவது. 2004 மே 1 அன்று பத்து நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தன. அவற்றில் எட்டு, முன்னாள் கம்யூனிஸ்ட் நாடுகள். ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஏழு ஆண்டுகள் தங்கள் தொழிலாளர் சந்தையை மூடி வைத்தன. பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் ஆகிய மூன்றும் முதல் நாளே திறந்துவிட்டன. ஆண்டுக்கு 5,000 முதல் 13,000 பேர் வரலாம் என்பது பிரிட்டன் அரசுக்காகச் செய்யப்பட்ட மதிப்பீடு. சில ஆண்டுகளிலேயே பல லட்சம் பேர் வந்தார்கள். வந்தவர்கள் உழைத்தார்கள், வரி கட்டினார்கள். ஆனால் யார் வரலாம் என்பதைத் தங்கள் நாடாளுமன்றம் தீர்மானிக்க முடியாது என்பதைப் பல பிரிட்டானியர்கள் அப்போதுதான் உணர்ந்தார்கள். 2016 ஜூன் 23 அன்று 51.9 சதவீதத்தினர் வெளியேற வாக்களித்ததற்குப் பல காரணங்கள் இருந்தாலும், இந்தக் கோபத்தை விட்டுவிட்டு அதை விளக்க முடியாது.

புகலிடம் பற்றிய சண்டை வேறு வகை. அதன் நடுவில் இருப்பது டப்ளின் விதி. 1990இல் அயர்லாந்தின் தலைநகரில் கையெழுத்தானதால் அந்தப் பெயர். ஒருவர் எந்த நாட்டின் வழியாக முதலில் ஐரோப்பாவுக்குள் கால் வைத்தாரோ, பெரும்பாலும் அந்த நாடுதான் அவருடைய புகலிட மனுவை விசாரிக்க வேண்டும். அங்கே கைரேகை பதிவாகும். வேறு நாட்டுக்குப் போனாலும் அந்தப் பதிவைக் காட்டித் திருப்பி அனுப்பலாம். இந்த விதியால் யாருக்குச் சுமை? கடலோரத்தில் இருக்கும் கிரேக்கத்துக்கும் இத்தாலிக்கும். நடுவில், நாலு பக்கமும் நண்பர்கள் சூழ இருக்கும் நாடுகளுக்கு இது வசதி. உள் எல்லையை எல்லோரும் சேர்ந்து நீக்கிவிட்டு, வெளி எல்லையின் பாரத்தை ஓரத்தில் இருப்பவர் தலையில் வைத்தது நியாயமே அல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

2015இல் அந்தப் பாரம் தாங்காமல் முறிந்தது. சிரியப் போரிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் இராக்கிலிருந்தும் அந்த ஒரே ஆண்டில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து வந்தார்கள். ஜெர்மனி கதவைத் திறந்தது. ஹங்கேரி செர்பிய எல்லையில் வேலி கட்டியது. செப்டம்பர் 22 அன்று உள்துறை அமைச்சர்கள் கூடி, 1,20,000 பேரை நாடுகளுக்கிடையே பங்கிட்டுக்கொள்வது என்று பெரும்பான்மை வாக்கால் முடிவெடுத்தார்கள். செக் குடியரசு, ஹங்கேரி, ருமேனியா, ஸ்லோவாக்கியா எதிர்த்து வாக்களித்துத் தோற்றன.

சட்டப்படி அந்த முடிவு சரி. 2017இல் ஐரோப்பிய நீதிமன்றமும் அப்படித்தான் சொன்னது. ஆனால் தோற்றவர்கள் அதை ஏற்கவில்லை. மீன்பிடி அளவிலோ வாகனப் புகை அளவிலோ வாக்கெடுப்பில் தோற்றால் ஒரு நாடு முணுமுணுத்துக்கொண்டே ஏற்கும். தன் ஊரில் யார் வாழப்போகிறார் என்பதில் தோற்றால் ஏற்க மறுக்கும். பெரும்பான்மைக்குச் சிறுபான்மை கட்டுப்பட வேண்டுமானால், இருவரும் ஒரே 'நாம்' என்ற உணர்வு முதலில் வேண்டும். அது அங்கே போதுமான அளவு இல்லை. முந்தைய முடிவையும் சேர்த்து 1,60,000 பேரை இடம் மாற்றத் திட்டமிட்டார்கள். நடைமுறையில் சுமார் 35,000 பேரே இடம் மாறினார்கள்.

2022இல் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தபோது காட்சி தலைகீழானது. 2001 முதல் பயன்படுத்தப்படாமலே கிடந்த தற்காலிகப் பாதுகாப்புச் சட்டத்தை மார்ச் 4 அன்று ஒருமனதாக இயக்கினார்கள். 40 லட்சத்துக்கும் அதிகமான உக்ரைனியர்கள் வசிக்கவும் வேலை செய்யவும் உரிமை பெற்றார்கள். 2015 பங்கீட்டுக்கு ஆதரவாக வாக்களித்துவிட்டு, ஆட்சி மாறியபின் அகதிகளை ஏற்க மறுத்த போலந்து இம்முறை வீட்டுக் கதவுகளையே திறந்தது. அந்த மக்களின் பரிவு உண்மையானது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே போலந்தில், பெலாரூஸ் எல்லைக் காட்டில் குளிரில் நின்ற இராக்கியருக்கும் சிரியருக்கும் அதே பரிவு கிடைக்கவில்லை என்பதும் உண்மை. 'நாம்' என்ற வட்டத்துக்குள் யார் எளிதாக வருகிறார், யார் வாசலில் நிறுத்தப்படுகிறார் என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டிய சம்பவம் வேறில்லை. அது வலிக்க வேண்டிய விஷயம்.

2024 மே மாதம் புதிய குடியேற்ற, புகலிட ஒப்பந்தம் நிறைவேறியது. அகதிகளை ஏற்க விரும்பாத நாடு ஒருவருக்கு 20,000 யூரோ வீதம் கொடுக்கலாம், அல்லது ஆள், பொருள் உதவி செய்யலாம். 2026 ஜூனிலிருந்து நடைமுறைக்கு வர வேண்டும் என்பது ஏற்பாடு.

ஒரு கை உயராவிட்டால்

வணிகத்தில் ஒன்றியம் ஒரே குரலில் பேசுகிறது. 2010இல் மனித உரிமைக் காரணங்களுக்காக இலங்கையின் ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகையை நிறுத்தியதும், 2017இல் திருப்பித் தந்ததும் ஒன்றியம் மொத்தமாக எடுத்த முடிவுகள். ஜெர்மனி தனியாக ஒரு வரி, ஸ்பெயின் தனியாக ஒரு வரி என்பது இல்லை.

வெளியுறவில் நிலைமை வேறு. எல்லோரும் ஒத்துக்கொண்டால் மட்டுமே முடிவு. ஒத்துக்கொண்டுவிட்டால் அதன் பலன் எவ்வளவு தொலைவு எட்டும் என்பதற்கு, ஈழத்து வாசகர்கள் நேரில் கண்ட ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2006 மே இறுதியில் ஒன்றியம் விடுதலைப் புலிகளைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. 2002 போர்நிறுத்தத்தைக் கண்காணித்த குழுவில் நார்வே, ஐஸ்லாந்து, ஸ்வீடன், பின்லாந்து, டென்மார்க் நாட்டவர் இருந்தார்கள். அப்போது குழுவின் தலைவரே ஸ்வீடனைச் சேர்ந்தவர். தங்களைத் தடைசெய்த ஒன்றியத்தின் உறுப்பு நாட்டவர் நடுநிலையாளராக இருக்க முடியாது என்று புலிகள் அறிவிக்க, ஸ்வீடன், பின்லாந்து, டென்மார்க் ஆகிய மூன்று நாட்டவரும் சில மாதங்களில் வெளியேறினார்கள். மிஞ்சியது நார்வேயும் ஐஸ்லாந்தும், அதாவது ஒன்றியத்தில் சேராத இரண்டு நாடுகள். நார்வே மக்கள் 1972இலும் 1994இலும் வாக்கெடுப்பில் ஒன்றியத்தை வேண்டாம் என்றவர்கள். ஒன்றியத்துக்கு வெளியே நிற்பதால் ஒரு நாட்டுக்குக் கிடைக்கும் தனி இடம் என்ன என்பதை அந்த நிகழ்ச்சி காட்டியது.

ஒத்துக்கொள்ளாவிட்டால்? கொசோவோ 2008இல் செர்பியாவிலிருந்து விடுதலையை அறிவித்தது. 27 நாடுகளில் 22 அதை ஏற்கின்றன. ஸ்பெயின், கிரேக்கம், சைப்ரஸ், ருமேனியா, ஸ்லோவாக்கியா ஏற்கவில்லை. ஸ்பெயின் கொசோவோவைப் பார்க்கும்போது அதன் கண்ணில், பிரிவினைக் குரல் எழும் தன் கட்டலோனியப் பகுதி தெரிகிறது. சைப்ரஸின் கண்ணில், துருக்கியின் ஆதரவோடு பிரிந்து நிற்கும் தன் வடபகுதி தெரிகிறது. தேசிய அடையாளம் வெளியுறவுக் கொள்கையாக மாறும் இடம் இதுதான்.

2023 டிசம்பர் 14 அன்று உக்ரைனுடன் இணைப்புப் பேச்சைத் தொடங்குவதா என்று தலைவர்கள் கூடியபோது, ஹங்கேரிப் பிரதமர் விக்டர் ஓர்பன் உடன்படவில்லை. முடிவெடுக்கும் நேரத்தில் அவர் அறையை விட்டு வெளியே போனார். மற்ற 26 பேரும் முடிவெடுத்தார்கள். அவருடைய எதிர்ப்பும் அப்படியே இருந்தது, தடையும் விலகியது. ஆனால் அதே இரவில் உக்ரைனுக்கான 5,000 கோடி யூரோ உதவியை அவர் தடுத்தார். அது பிப்ரவரியில்தான் நிறைவேறியது.

வெளியுறவிலும் பெரும்பான்மை வாக்கு வேண்டும் என்று ஜெர்மனி உள்ளிட்ட பல நாடுகள் கேட்கின்றன. சிறிய நாடுகள் பல தயங்குகின்றன. மால்டாவின் மக்கள்தொகை 6 லட்சத்தைத் தொடவில்லை. ஜெர்மனிக்கு 8 கோடிக்கு மேல். மறுக்கும் உரிமை ஒன்றுதான் இருவரையும் ஒரே மேசையில் சமமாக உட்கார வைக்கிறது. அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். மேலும், ஒருமித்த சம்மதம் என்ற விதியை மாற்றுவதற்கும் ஒருமித்த சம்மதம் வேண்டும்.

மதிக்க முடியாதது, அந்த உரிமை அண்டை வீட்டாரின் பெயரையும் நினைவையும் பறிக்கப் பயன்படும்போது. பல்கேரியாவுக்கும் வட மாசிடோனியாவுக்கும் இடையிலான சண்டையில் அடிக்கடி வரும் பெயர் கோட்சே டெல்ச்செவ். உஸ்மானியப் பேரரசை எதிர்த்து 1903இல் கொல்லப்பட்ட புரட்சியாளர். பிறந்த ஊர் இன்று கிரேக்கத்தில் இருக்கிறது. எலும்புகள் பல்கேரியத் தலைநகர் சோபியாவில் இருந்தன; 1946இல் மாசிடோனியத் தலைநகர் ஸ்கோப்யேவுக்குக் கொண்டுவரப்பட்டு அங்கே ஒரு தேவாலய முற்றத்தில் வைக்கப்பட்டுள்ளன. இரண்டு நாடுகளும் அவரைத் தம் வீரர் என்கின்றன. அவர் காலத்தில் இன்றைய எல்லைகள் இல்லை; இருவருக்கும் சொந்தமானவராக அவரை வைத்துக்கொள்ள வழி உண்டு. அதைச் செய்யாமல், பள்ளிப் பாடப்புத்தகத்தில் அவர் யார் என்று எழுத வேண்டும் என்பது ஒன்றியத்தில் சேரும் வழியில் ஒரு தடைக்கல் ஆனது.

2022இல் பிரான்சின் முயற்சியால் ஒரு சமரசம் வந்தது. வட மாசிடோனியா தன் அரசியல் சாசனத்தில் பல்கேரியர்களையும் நாட்டின் மக்களில் ஒருவராகச் சேர்த்தால் பேச்சு மேலே நகரும். சிறுபான்மையை அங்கீகரிப்பது நல்லதுதான். ஆனால் பெயரைக் கொடுத்த பிறகும் பிரான்சே ஒருமுறை, 2019 அக்டோபரில், தடுத்ததைக் கண்ட மக்கள் அவர்கள். இதைக் கொடுத்தால் அடுத்து எதைக் கேட்பார்கள் என்று அஞ்சினார்கள். 2024 மே தேர்தலில் அந்தத் திருத்தத்தை எதிர்த்த கட்சி பெரும் வெற்றி பெற்றது. அதே ஆண்டு அக்டோபரில், அதுவரை அதனுடன் ஒரே இணையாக நடத்தப்பட்ட அல்பேனியாவுக்கு மட்டும் பேச்சின் முதல் அத்தியாயங்கள் திறந்தன. வட மாசிடோனியா புதிய பெயரோடு வெளியே நின்றது.